முப்பத்து மூன்று கண் பாலம்: இஸ்பஹானின் செங்கல் பாலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொதுப்பணித் துறையில் மதகு, கால்வாய், பாலம் என்று முப்பது வருடம் அலைந்து ஓய்வு பெற்றவன் நான். ஈரானுக்குப் போய் வந்த பிறகு, இஸ்பஹான் நகரத்துச் செங்கல் பாலத்தின் படங்களை நான்கைந்து இடங்களில் திரையில் போட்டுக் காட்டினேன். கூட்டம் மாறியதே தவிர கேள்விகள் மாறவில்லை. ஒவ்வொரு முறையும் தொண்டை வற்றச் சொல்வதற்குப் பதில் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

இந்தப் பாலம் எங்கே இருக்கிறது, யார் கட்டியது?

ஈரானின் நடுப்பகுதியில், இஸ்பஹான் நகரத்தில், ஜாயந்தே ரூத் ஆற்றின் குறுக்கே இருக்கிறது. 'ரூத்' என்றால் ஆறு. 'ஜாயந்தே' என்றால் ஈன்றுகொண்டே இருப்பது, உயிர் தருவது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1599-இல் தொடங்கி 1602-இல் முடித்தார்கள். கட்டச் சொன்னவர் சபாவித் வம்சத்து அரசர் முதலாம் ஷா அப்பாஸ். பணம் போட்டு வேலை வாங்கியவர் அவருடைய படைத்தலைவர் அல்லாவெர்தி கான். இவர் ஜார்ஜியக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அரசரின் அடிமைப் படையில் சேர்க்கப்பட்டு, அங்கிருந்து மேலே ஏறி, பார்ஸ் மாகாணத்தின் ஆளுநராகவும் நாட்டின் தலைமைப் படைத்தலைவராகவும் ஆனவர். பாலத்தின் முறையான பெயர் அல்லாவெர்தி கான் பாலம்தான். ஆனால் ஆட்டோ பிடிக்கிற மாதிரி அங்கே டாக்ஸி பிடித்து அந்தப் பெயரைச் சொன்னால் ஓட்டுநர் ஒரு கணம் யோசிப்பார். 'சீ-ஓ-சே போல்' என்றால் உடனே வண்டியை எடுத்துவிடுவார்.

'சீ-ஓ-சே போல்' என்றால் என்ன பொருள்?

'சீ' முப்பது, 'சே' மூன்று, நடுவில் நிற்கிற 'ஓ' நம்முடைய 'உம்'. 'போல்' பாலம். ஆக, முப்பத்து மூன்று கண் பாலம்.

'கண்' என்று நான் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதையில் இருப்பதை நாம் பதிமூன்று கண் பாலம் என்கிறோம். பாரசீகத்தில் கண்ணுக்கு 'செஷ்ம்' என்று பெயர். அதிலிருந்து பிறந்த 'செஷ்மே' என்ற சொல் இரண்டு இடத்தில் வரும்: ஒன்று நீர் ஊற்று, மற்றொன்று பாலத்தின் இடைவெளி. நாமும் ஊற்றுக்கண் என்கிறோம், பாலத்துக்கும் கண் என்கிறோம். ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கியதாகத் தெரியவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தவர்களுக்கு ஒரே மாதிரி தோன்றியிருக்கிறது.

அப்படியானால் 'போல்' என்பது நம் 'பாலம்' என்பதிலிருந்து போனதுதானே?

இந்தக் கேள்வி வராத கூட்டம் இதுவரை இல்லை. பதில், இல்லை. பாரசீகச் சொல்லின் வரலாறு தெளிவாகவே இருக்கிறது. பழைய அவெஸ்தா மொழியில் 'பெரெது' என்றால் ஆற்றைக் கடக்கும் இடம். இடைக்காலப் பாரசீகத்தில் அது 'புஹ்ல்' ஆயிற்று, பிறகு 'போல்' ஆயிற்று. முந்தைய கேள்வியில் சொன்ன 'கண்' எனக்கு இதைவிடப் பெரிய அதிசயம். ஒலி ஒத்துப்போவதைவிட எண்ணம் ஒத்துப்போவது அரிது.

எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம்?

நீளம் சுமார் 298 மீட்டர். அகலம் 14.75 மீட்டர். அகலத்தைத்தான் கவனிக்க வேண்டும். 1600-ஐ ஒட்டிய காலத்தில், வண்டியும் ஒட்டகமும் கழுதையும் போவதற்கு இவ்வளவு அகலம் தேவையே இல்லை. ஏன் விட்டார்கள் என்பதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

33 கண் எதற்கு? பெரிய வளைவாகப் போட்டு பத்துக் கண்ணில் முடித்திருக்கலாமே?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பொறியியல் மாணவர்கள். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மிக அகலமான கண்ணே 5.6 மீட்டர்தான். 33 கண்ணுக்கும் அதையே வைத்தாலும் திறப்பு 185 மீட்டர்தான் வரும். மீதி 113 மீட்டர் தூண்களும் கரையோரக் கட்டுமானமும். அதாவது ஆற்றின் குறுக்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கட்டடம் நிற்கிறது. இன்றைக்கு ஒரு இளம் பொறியாளர் இப்படி ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஆனால் கட்டியவர்கள் முட்டாள்கள் இல்லை. வளைவு எவ்வளவு அகலமோ அவ்வளவு அது பக்கவாட்டில் தள்ளும்; உயரமும் கேட்கும். கண்ணைச் சிறிதாக்கினால் தள்ளுவிசை குறையும், பாலத்தின் மேல்தளம் தாழ்ந்து சமமாக ஓடும், சாரமும் சிறியதாகப் போதும். ஒரு கண்ணுக்குச் செய்த சாரத்தைக் கழற்றி அடுத்ததற்கு வைத்துக்கொள்ளலாம். மரம் அரிதான நாட்டில் இது பெரிய சேமிப்பு. ஜாயந்தே ரூத் அந்த இடத்தில் அகலமாக, ஆழமில்லாமல் பரந்து ஓடும் ஆறு. நம் காவிரி முக்கொம்பில் ஓடுவது போன்ற ஆற்றுக்கு இந்தப் பாலம் பொருந்தாது. அந்த ஆற்றுக்குப் பொருந்தியது என்பதற்கு, நானூறு வருடம் நின்றதே சாட்சி.

33 என்ற எண்ணில் ஏதாவது ரகசியம் இருக்கிறதா?

ஜபமாலை மணிகள் 33 என்பார் ஒருவர். ஜார்ஜிய எழுத்துகள் 33, கட்டியவரும் ஜார்ஜியர் என்பார் இன்னொருவர். இரண்டாவதைக் கேட்கும்போது சிலிர்ப்பாக இருக்கும். ஆனால் அந்த நெடுங்கணக்கு 33 எழுத்தாகக் குறைந்தது 19-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்தில். அல்லாவெர்தி கான் காலத்தில் அதைவிடக் கூடுதலாக இருந்தது. பாலத்துக்கே 'நாற்பது கண் பாலம்' என்ற பழைய பெயர் ஒன்றும் உண்டு. எண்ணை விடுங்கள். முந்தைய பதிலில் போட்ட கணக்குதான் என்னைப் பொறுத்தவரை ரகசியம்.

கல் கிடைக்காததால்தான் செங்கல்லில் கட்டினார்களா?

முழுவதும் செங்கல் இல்லை. தண்ணீரில் நிற்கும் தூண்களின் அடிப்பகுதி கல். அதற்கு மேல் வளைவுகளும் சுவர்களும் செங்கல். கல் சுமக்கும், அரிப்பைத் தாங்கும். செங்கல் இலகுவானது, வளைவுக்கு வாகாக அடுக்கலாம். எங்கே எது வேண்டுமோ அதை அங்கே வைத்திருக்கிறார்கள்.

பாரசீகச் செங்கல் நம்முடையதைப் போல நீளவாக்கில் இருக்காது. சதுரமாக, தடிமன் குறைந்து, ஓடு மாதிரி இருக்கும். கொத்தனார்கள் அதைச் சீக்கிரம் இறுகும் ஜிப்சம் சாந்தில் ஒட்டி, பெரிய சாரம் இல்லாமலே கூரை வளைக்கப் பழகியவர்கள். இஸ்பஹானின் மசூதிக் குவிமாடங்களில் பார்க்கும் அதே கைதான் இந்தப் பாலத்திலும் வேலை செய்திருக்கிறது. வளைவுகள் உச்சியில் லேசாகக் கூர்மையாக முடியும். அரைவட்டமாக இருக்காது.

நம் ஊரில் கடுக்காய், வெல்லம், முட்டை சேர்த்துக் கட்டினார்களே, அங்கேயும் அப்படித்தானா?

அங்கே அதற்கு 'சாரூஜ்' என்று பெயர். சுண்ணாம்பு, களிமண், சாம்பல் ஆகியவை அடிப்படை. சில கலவைகளில் ஆட்டு மயிரோ நாணல் பஞ்சோ சேர்ப்பார்கள். முட்டை வெள்ளையும் சேர்த்ததாகச் சொல்வது அங்கேயும் உண்டு. பாட்டிகள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான். முக்கியமான சரக்கு சாம்பல்தான். சுண்ணாம்போடு சாம்பல் சேரும்போது சாந்து தண்ணீருக்குள்ளேயே இறுகும். குளம், தொட்டி, பாலம், குளியலறை என்று நீர் படும் இடத்திலெல்லாம் பாரசீகர்கள் இதைப் பூசினார்கள். ஈரத்தில் வாழ்கிற சாந்து இது. இதையும் நினைவில் வையுங்கள்.

படத்தில் இரண்டு அடுக்காகத் தெரிகிறதே? மேல் அடுக்கில் என்ன இருக்கிறது?

கீழ் அடுக்கில்தான் தண்ணீர் போகும் 33 கண்கள். மேல் அடுக்கில் தெரியும் சின்னச் சின்ன வளைவுகள் சாலையின் இரு பக்கச் சுவர்கள். நடுவில் சாலை, இரு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் செங்கல் சுவர். சுவரை வாசல் வாசலாகத் துளைத்திருக்கிறார்கள். அந்த வாசல் வழியாக வெளியே வந்தால் ஆற்றைப் பார்த்த தாழ்வாரம். அகலம் எதற்கு என்ற பழைய கேள்விக்கு இதுதான் பதில். நடுவில் வண்டியும் விலங்குகளும் போகும். ஓரத்தில் மனிதர்கள் காற்று வாங்கிக்கொண்டு நடப்பார்கள், உட்காருவார்கள், பேசுவார்கள். கீழே இறங்கினால் தூண்களைத் துளைத்துக்கொண்டு நீர்மட்டத்தை ஒட்டி இன்னொரு வழி, பாலத்தின் நீளத்துக்கும். ஆற்றைக் கடக்க மட்டும் கட்டியிருந்தால் இதில் பாதி தேவையில்லை.

நான் அந்தத் தாழ்வாரத்தில் ஒரு மாடத்துக்குள் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆள் முதுகைச் சாய்த்து, காலை மடக்கி உட்கார அளவெடுத்தது போன்ற இடம். என் தோள் பட்ட இடத்தில் செங்கல்லின் விளிம்பு மழுங்கி, தொட்டால் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. மழை தேய்த்ததாக இருக்காது. மேலே கூரை இருக்கிறது. உட்கார்ந்தவர்கள் தேய்த்தது. அடுத்த மாடத்தில் ஒரு கிழவர் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி, நான் கேட்காமலே ஒரு தம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். கூடவே ஒரு கற்கண்டுக் கட்டி. அதை வாயில் அடக்கிக்கொண்டு தேநீரைக் குடிக்க வேண்டும் என்று சைகையில் காட்டினார்.

ஆர்மீனியர்கள் ஊருக்குள் வந்து போவதற்காகக் கட்டியது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா?

தேதி பொருந்தவில்லை. பாலம் 1602-இல் முடிந்துவிட்டது. அராஸ் ஆற்றங்கரையில் இருந்த ஜுல்பா ஊரை ஷா அப்பாஸ் காலி செய்து, அங்கிருந்த ஆர்மீனிய வணிகர்களை இஸ்பஹானுக்குக் கிளப்பிக்கொண்டு வந்தது 1604-05-இல். ஆற்றின் தென்கரையில் அவர்களுக்குக் கொடுத்த இடம்தான் புதிய ஜுல்பா. பாலத்தை அவர்கள் பயன்படுத்தினார்கள், ஜுல்பா பாலம் என்ற பெயரும் வந்தது. அவர்களுக்காகக் கட்டியது என்பது மட்டும் தவறு.

உண்மைக் காரணம் ஒரு நேர்க்கோடு. 1598 வாக்கில் ஷா அப்பாஸ் தலைநகரை இஸ்பஹானுக்கு மாற்றியதும், 'சஹார் பாக்' என்ற மரங்கள் அடர்ந்த பெரிய வீதியைப் போட்டார். அது வடக்கிலிருந்து ஆற்றுக்கு இறங்கி, ஆற்றைத் தாண்டி, தென்கரையில் அரச தோட்டம் வரைக்கும் வளையாமல் போக வேண்டும் என்பது அவர் எண்ணம். வீதியை ஆற்றின் மேல் நீட்டியதுதான் இந்தப் பாலம். கோடைக்காலத்தில் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் வாரி இறைக்கும் திருவிழாவுக்கு அரசரும் பரிவாரமும் வந்து பார்த்த இடமும் இதுதான்.

சென்னைக்கும் இந்தப் பாலத்துக்கும் தொடர்பு உண்டு என்றீர்களே, எப்படி?

நேரான தொடர்பு இல்லை, ஆனால் கதை உண்மை. முந்தைய பதிலில் வந்த புதிய ஜுல்பாவின் ஆர்மீனியர்கள் உலகம் முழுக்க வணிகம் செய்தார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த கோஜா பெட்ரஸ் உஸ்கான் மணிலாவில் வாணிபம் செய்துவிட்டு சென்னைக்கு வந்து குடியேறினார். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-இல் தன் சொந்தச் செலவில் பாலம் கட்டியவர் அவர்தான். மர்மலாங் பாலம் என்று அதற்குப் பெயர். மாம்பலம் ஆங்கிலேயர் வாயில் அப்படி ஆயிற்று. பரங்கிமலைக்குப் படி கட்டிக் கொடுத்தவரும் அவரே. 1751-இல் இறந்தபோது உடலைச் சென்னையில் புதைத்தார்கள். இதயத்தை மட்டும் எடுத்து ஜுல்பாவுக்கு அனுப்பச் சொல்லியிருந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

அந்தப் பழைய பாலம் இப்போது இல்லை. 1960-களில் கட்டிய மறைமலை அடிகள் பாலத்தின் மேல்தான் நாம் தினமும் பஸ்ஸில் போகிறோம். உஸ்கான் வைத்த கல்வெட்டு மட்டும் பக்கத்தில் மிஞ்சியது. ஊருக்கு நடுவே ஆறும், அக்கரையில் தேவாலயமும், நடுவில் பாலமுமாக வாழ்ந்த சமூகத்தைச் சேர்ந்தவர், பரங்கிமலைக்கும் கோட்டைக்கும் நடுவில் ஆறு குறுக்கிடுவதைப் பார்த்ததும் பாலம் கட்டத் தோன்றியது எனக்கு ஆச்சரியமாக இல்லை. இது என் ஊகம். கல்வெட்டில் இப்படி எழுதியிருக்கவில்லை.

பாலத்தில் மதகுப் பலகை போட்டுத் தண்ணீரைத் தேக்குவார்களாமே?

அது வேறு பாலம். கீழாற்றில் சிறிது தூரத்தில் இருக்கும் காஜு பாலத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டாம் ஷா அப்பாஸ் காலத்தில், 1650 வாக்கில் கட்டியது. சுமார் 133 மீட்டர் நீளம், 23 கண். அதன் கண்களை அடைத்தால் மேல்பக்கம் நீர் ஏறி ஏரி மாதிரி நிற்கும், கரையோரத் தோட்டங்களுக்குப் பாயும். பாலம், அணை, அரசர் உட்காரும் மண்டபம் மூன்றும் ஒரே கட்டடத்தில். நம் அணைக்கட்டுக்காரர்கள் பார்க்க வேண்டிய பாலம் அது. முப்பத்து மூன்று கண் பாலத்துக்கு அப்படிப்பட்ட வேலை இல்லை.

இரண்டில் எது அழகு?

ஊர்க்காரர்களில் பலர் காஜு என்பார்கள். அதன் வளைவுகளுக்கு அடியில் இரவில் நின்று பாடுவார்கள், குரல் உருண்டு வரும். பிற்பாடு நமக்கு வைஸ்ராயாக வந்த கர்சன் 1889-இல் பாரசீகம் போனபோது, உலகிலேயே கம்பீரமான பாலம் அல்லாவெர்தி கான் பாலமாகத்தான் இருக்கும் என்ற பொருளில் எழுதினார். நான் கர்சன் பக்கம். அவரோடு நான் ஒத்துப்போகும் ஒரே விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.

யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறதுதானே?

இல்லை. இஸ்பஹானின் நக்‌ஷே ஜஹான் சதுக்கம் 1979 முதல் இருக்கிறது. பாலத்தையும் அதில் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். பாலம் 1932 முதல் ஈரானின் தேசிய நினைவுச்சின்னப் பட்டியலில் இருக்கிறது.

இப்போதும் கார், லாரி போகிறதா?

ஒரு காலத்தில் போயின. இப்போது நடந்து போகிறவர்களுக்கு மட்டும். வண்டிகளுக்குப் புதிய பாலங்கள் இருக்கின்றன.

சார், நீங்கள் காட்டிய படத்தில் ஆறே இல்லையே? மணல்தான் தெரிகிறது.

ஆமாம். அதுதான் ஆறு. நான் போன மாதத்தில் அப்படித்தான் இருந்தது. அன்னப்பறவை உருவத்தில் செய்த மிதி படகுகள் வெடித்த சேற்றில் வரிசையாகத் தரை தட்டி நின்றன. 33 கண்ணுக்குள்ளும் பையன்கள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜாயந்தே ரூத் ஜாக்ரோஸ் மலையில் பிறந்து, சுமார் 400 கிலோமீட்டர் ஓடி, கடலுக்குப் போகாமல் கவ்குனி சதுப்பு நிலத்தில் முடியும். பாலைவனத்தில் இஸ்பஹான் இருப்பதே இந்த ஆற்றால்தான். மலைக்கு அந்தப் பக்கத்து நீரை இந்த ஆற்றுக்குத் திருப்ப ஷா அப்பாஸே மலையை வெட்ட முயன்று கைவிட்டார். 1950-களில் சுரங்கம் குடைந்து அதைச் செய்தார்கள். 1970-இல் மேலே அணையும் வந்தது. நீர் கூடியதும் அதை நம்பி மேலாற்றில் தோப்புகள் பெருகின, எஃகு ஆலைகள் வந்தன, குழாய் வழியே யஸ்த் நகருக்கும் தண்ணீர் போனது. பிறகு மழை பொய்த்தது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து நகரத்துக்குள் ஆறு பெரும்பாலும் வறண்டே கிடக்கிறது. 2021 நவம்பரில் ஆயிரக்கணக்கான விவசாயிகளும் நகரத்து மக்களும் காஜு பாலத்துக்கு அருகே ஆற்றுப் படுகையில் இறங்கித் தண்ணீர் கேட்டுப் போராடினார்கள். காவிரிப் படுகையில் பிறந்தவனுக்கு இதை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் இல்லாவிட்டால் பாலத்துக்கு நல்லதுதானே? அரிப்பு இருக்காது.

எனக்குப் பிடித்த கேள்வி இது. கேட்பவர் யோசித்துத்தான் கேட்கிறார். மேலே சாரூஜ் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பாருங்கள். நானூறு வருடம் ஈரத்தில் இருந்த சாந்தும் மண்ணும் மாதக்கணக்கில் காய்ந்து, திடீரென நனைந்து, மறுபடி காய்ந்தால் சுருங்கி விரிந்து வெடிக்கும். தொடர்ந்து நனைந்திருப்பதைவிட இது மோசம்.

அதைவிடப் பெரிய கவலை நிலம். ஆறு வறண்டதும் ஊரும் வயலும் ஆழ்துளைக் கிணறுகளுக்குப் போயின. நிலத்தடி நீர் இறங்க இறங்கத் தரையும் இறங்கிக்கொண்டிருக்கிறது. இஸ்பஹான் சமவெளியில் இது அளந்து பதிவான விஷயம். 33 கண்ணும் ஒரே அளவாக இறங்கினால் பாலம் தாங்கிவிடும். ஒரு தூண் அதிகமாகவும் அடுத்த தூண் குறைவாகவும் இறங்கும்போதுதான் செங்கல் வளைவில் விரிசல் விழும். செங்கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது.

எப்போது போனால் தண்ணீரோடு பார்க்கலாம்?

மாதம் சொல்ல முடியாது. விதைப்புக் காலத்திலும், சில ஆண்டுகளில் மார்ச் மாதப் புத்தாண்டை ஒட்டியும் அணையைத் திறப்பார்கள். திறந்தால் சில நாட்கள், சில வாரங்கள் ஓடும். கிளம்புவதற்கு முன் விடுதிக்காரரிடம் "ஆறு வந்துவிட்டதா?" என்று கேளுங்கள். அந்த ஊரில் எல்லோருக்கும் அதற்குப் பதில் தெரியும்.

எனக்கு அந்தக் கொடுப்பினை கிடைக்கவில்லை. தேநீர் கொடுத்த கிழவர் தன் கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். இரவு, பாலத்தின் விளக்குகள், காய்ந்த படுகையில் நூற்றுக்கணக்கானவர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். தூரத்திலிருந்து மெல்லிய தகடு மாதிரி தண்ணீர் முன்னேறி வருகிறது. குழந்தைகள் அதற்கு முன்னால் பின்வாங்கிப் பின்வாங்கி ஓடுகிறார்கள். முதல் கண்ணுக்குள் தண்ணீர் நுழைந்ததும் கூட்டம் கைதட்டுகிறது. காணொளி முடிந்ததும் அவர் அதை மறுபடி முதலிலிருந்து போட்டார்.